துணை நடிகர் என்றால் தாழ்வா? டில்லி கணேஷின் பாத்திரங்கள் சொல்லும் பதில்

படம் முடிந்து திரையரங்கை விட்டு வெளியே வருகிறவர்களிடம், படத்தில் யார் யார் நடித்திருந்தார்கள் என்று கேட்டால் கதாநாயகன் பெயர் முதலில் வரும். கதாநாயகி, வில்லன், நகைச்சுவை நடிகர் என்று வரிசை தொடரும். கதாநாயகனின் அப்பாவாக வந்தவர் யார் என்று கேட்டால் மட்டும் சற்றுத் தயக்கம் எழும். "அதான், எல்லாப் படத்திலும் வருவாரே, அவர்!" என்பதே பல நேரங்களில் பதிலாக இருக்கும்.

அப்படி, பெயரைவிட முகத்தால் அதிகம் அறியப்பட்டவர்களில் ஒருவர் டில்லி கணேஷ். நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த அவர், 2024 நவம்பர் 9-ஆம் நாள் தமது எண்பதாவது வயதில் சென்னையில் காலமானார். கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத் தமிழர்களுக்கும் அவர் அந்நியர் அல்லர். பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் வீடியோ கேசட்டுகளை வாடகைக்கு எடுத்து, வார இறுதியில் குடும்பத்தோடு படம் பார்த்த காலம் ஒன்று உண்டு. ஆர்.டி.எம். தமிழ்ப்படத்திற்காக வாரம் முழுவதும் காத்திருந்த வீடுகளும் உண்டு. 1996-இல் ஆஸ்ட்ரோ வந்து, வானவில் அலைவரிசை வீட்டுக்குள் நுழைந்த பிறகு அதே படங்கள் திரும்பத் திரும்ப ஒளியேறின. ரஜினியும் கமலும் மாறி மாறி வந்த அந்தச் சின்னத் திரையில், மாறாமல் வந்துகொண்டிருந்தவர்கள் டில்லி கணேஷைப் போன்ற குணச்சித்திர நடிகர்களே.

இவர்களைப் பற்றிப் பேசும்போது ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. துணை நடிகர் என்பவர் கதாநாயகனாக முடியாமல் போனவரா? அல்லது அது தனக்கென்று இலக்கணம் உள்ள தனித் தொழிலா? டில்லி கணேஷ் ஏற்ற பாத்திரங்களை வகை வகையாகப் பிரித்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

விருதுகளும் தாமதமாகவே வந்தன

துணை நடிகரை இரண்டாம் இடத்தில் வைத்துப் பார்ப்பது தமிழர்களுக்கு மட்டுமே உரிய பழக்கம் அன்று. அமெரிக்காவின் ஆஸ்கார் விருதுகள் 1929-இல் தொடங்கின. துணை நடிப்புக்கான பிரிவு 1936-ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதன்முதலில் சேர்க்கப்பட்டது. அப்போதும் கதாநாயகனுக்குப் பொற்சிலை, துணை நடிகருக்குச் சிலை பதித்த கேடயம் என்ற வேறுபாடு இருந்தது. முழுச் சிலை கிடைக்கத் தொடங்கியது 1943-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான்.

இந்தியாவிலும் கதை ஏறக்குறைய அதுவே. தேசியத் திரைப்பட விருதுகள் 1954-இல் தொடங்கின. சிறந்த துணை நடிகர் என்ற பிரிவு 1984-ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் வந்தது. 'நம்மவர்' (1994) படத்தில் மகளை இழந்த பேராசிரியராக நடித்த நாகேஷ் அந்த விருதைப் பெற்றார். அதுவரை பல நூறு படங்களில் சிரிக்க வைத்த மனிதர், ஒரு தந்தையின் துயரத்தைக் காட்டி நாட்டின் உயரிய அங்கீகாரத்தைப் பெற்றார். பின்னர் 'இருவர்' படத்திற்காகப் பிரகாஷ்ராஜ், 'மைனா'வுக்காகத் தம்பி ராமையா, 'விசாரணை'க்காகச் சமுத்திரக்கனி ஆகியோரும் அதே பிரிவில் விருது பெற்றனர்.

டில்லி கணேஷுக்குத் தேசிய விருது கிடைக்கவில்லை. தமிழக அரசின் சிறப்புப் பரிசும் கலைமாமணி விருதும் அவருக்குக் கிடைத்தன. ஆனால் துணை நடிப்பு என்றால் என்ன என்பதை விளக்க வேண்டுமானால், அவருடைய படங்களைவிடத் தெளிவான பாடநூல் கிடைப்பது அரிது.

விமானப் படையிலிருந்து வெள்ளித்திரைக்கு

1944 ஆகஸ்டு 1-ஆம் நாள், நெல்லைச் சீமையைச் சேர்ந்த வல்லநாட்டில் பிறந்தவர் கணேசன். 1964 முதல் 1974 வரை இந்திய விமானப் படையில் பணியாற்றினார். டில்லியில் இருந்தபோது அங்குள்ள தமிழர்கள் நடத்திய தட்சிண பாரத நாடக சபாவில் சேர்ந்து மேடையேறினார். சொந்த ஊரை விட்டு வெகுதொலைவில் வாழும் தமிழர்கள், மாலை வேளைகளில் கூடி ஒத்திகை பார்த்து நாடகம் போடுவது எத்தகைய அனுபவம் என்பதை மலேசியத் தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தோட்டப்புற மேடைகளில் நாடகம் வளர்ந்ததும் அப்படித்தான்.

பின்னர் சென்னைக்கு வந்தவரை இயக்குநர் கே. பாலசந்தர் 'பட்டினப் பிரவேசம்' (1977) படத்தின் மூலம் திரைக்கு அறிமுகப்படுத்தினார். அது விசுவின் மேடை நாடகத்தைத் தழுவிய படம். டில்லி கணேஷ் என்ற பெயரைச் சூட்டியவரும் பாலசந்தரே. அப்போது அவருக்கு வயது முப்பதைக் கடந்துவிட்டது. கதாநாயகனாக அறிமுகமாகும் வயது கடந்தது அவருக்கு ஒரு வகையில் நன்மையாயிற்று எனலாம். தொடக்கத்திலிருந்தே தந்தை, அண்ணன், நண்பர், அலுவலர், சமையற்காரர் என்று வாழ்க்கையில் நாம் அன்றாடம் காணும் மனிதர்கள் அவருக்குப் பாத்திரங்களாக வந்தார்கள்.

ஏழைத் தந்தை: 'பசி'

1979-இல் வெளிவந்த, துரை இயக்கிய 'பசி', சென்னைக் குடிசைப் பகுதி மக்களின் வாழ்க்கையைச் சொன்ன படம். குப்பை பொறுக்கிப் பிழைக்கும் குப்பம்மாவாக நடித்த ஷோபாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அவளுடைய தந்தையாக, ரிக்‌ஷா இழுக்கும் தொழிலாளியாக டில்லி கணேஷ் நடித்தார். தமிழக அரசின் சிறப்புப் பரிசு இப்படத்திற்காகவே அவருக்கு வழங்கப்பட்டது.

இத்தகைய யதார்த்தப் படத்தில் துணை நடிகரின் வேலை மிகவும் கடினமானது. இங்கே அழுது அரற்றினால் படம் மேடை நாடகமாகிவிடும். ஒன்றும் செய்யாமல் நின்றால் பாத்திரம் காணாமற் போகும். வறுமை அந்த மனிதருக்குப் புதிதன்று, தினமும் உடுத்தும் சட்டையைப் போன்றது என்பதை உடம்பின் சோர்வில் காட்ட வேண்டும். நெல்லையில் பிறந்து, விமானப் படைச் சீருடை அணிந்து, டில்லியில் வாழ்ந்த ஒருவர் சென்னைச் சேரித் தமிழில் பேசி அந்த ஊர்க்காரராகவே நம்ப வைத்தார். பேச்சுவழக்கைப் பிடிப்பதில் அவருக்கிருந்த காதின் கூர்மை முதலில் வெளிப்பட்ட படங்களில் இதுவும் ஒன்று.

மதுவில் தடுமாறிய வித்துவான்: 'சிந்து பைரவி'

1985-இல் பாலசந்தர் இயக்கிய 'சிந்து பைரவி' இசையை மையமாகக் கொண்ட கதை. பாடகர் ஜே.கே.பி.யாகச் சிவகுமார் நடிக்க, அவருக்கு மிருதங்கம் வாசிக்கும் குருமூர்த்தியாக டில்லி கணேஷ் வந்தார். குருமூர்த்தி நல்ல வித்துவான், ஆனால் குடிப்பழக்கத்துக்கு ஆளானவர். குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்தவரை ஜே.கே.பி. ஒதுக்கி வைக்கிறார். மிருதங்கமே இல்லாமல் கச்சேரியைப் பாடி முடிக்கிறார்.

துணைப் பாத்திரம் ஒரு கதையில் எதற்காக இருக்கிறது என்பதை விளக்க இந்த ஒரு காட்சி போதும். படத்தின் பிற்பகுதியில், குடியை அவ்வளவு வெறுத்த ஜே.கே.பி.யே மதுவுக்கு அடிமையாகிறார். முதலில் குருமூர்த்தியின் அவமானத்தைப் பார்த்த ரசிகருக்கு, பின்னர் ஜே.கே.பி. விழும்போது அந்த வீழ்ச்சியின் ஆழம் தெரிகிறது. குருமூர்த்தியின் தலைகுனிவு உண்மையாக இல்லாதிருந்தால் கதாநாயகனின் வீழ்ச்சிக்கு அளவுகோலே இருந்திருக்காது. சிவகுமாரின் காட்சிக்குத் தேவையான பாதி வேலையை, அதற்கு வெகு முன்னரே டில்லி கணேஷ் செய்து முடித்துவிட்டார் என்றால் அது மிகையாகாது.

பம்பாய் ஐயர்: 'நாயகன்'

1987-இல் மணிரத்னம் இயக்கிய 'நாயகன்' குற்ற உலகைப் பற்றிய படம். வேலு நாயக்கராகக் கமல்ஹாசன் நடித்தார். அவருடைய வட்டத்தில் ஐயர் என்று அழைக்கப்படும் மனிதராக வந்தார் டில்லி கணேஷ். வேலுவுக்கு இந்தி தெரியாது. எனவே இந்தி பேசும் பெரும்புள்ளிகளுடன் பேச வேண்டிய இடங்களில் ஐயரே இடையில் நின்று மொழிபெயர்க்கிறார்.

மொழிபெயர்ப்பாளர் வேடம் கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும். ஆனால் அச்சம் தரும் இருவருக்கு நடுவே நின்று, ஒருவர் சொன்ன கடுஞ்சொல்லை மற்றவரிடம் கொண்டு சேர்க்க வேண்டியவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். பார்வையாளரும் அந்த உலகத்துக்குப் புதியவரே. ஐயரின் முகத்தில் தெரியும் பதற்றமே வேலு எவ்வளவு பெரிய ஆபத்தின் முன் நிற்கிறார் என்பதைப் பார்வையாளருக்குச் சொல்லிவிடுகிறது. கதாநாயகன் அசையாமல் இருக்கலாம். அவர் அசையவில்லை என்பது வியப்பாகத் தெரிய, அருகில் ஒருவர் அசைய வேண்டும். குற்றப் படத்தில் துணை நடிகரின் பணி இதுவே.

பயமுறுத்தாத முகத்தில் பயம்: 'அபூர்வ சகோதரர்கள்'

1989-இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் வந்த 'அபூர்வ சகோதரர்கள்', அப்பு என்ற குள்ள மனிதன் தன் தந்தையைக் கொன்றவர்களைப் பழிவாங்கும் கதை. அதில் வில்லன்கள் நால்வர். நாகேஷ், ஜெய்சங்கர், நாசர் ஆகியோருடன் பிரான்சிஸ் அன்பரசு என்ற பாத்திரத்தில் டில்லி கணேஷும் நடித்தார்.

இந்த நால்வரின் தேர்வு கவனிக்கத்தக்கது. நாகேஷ் சிரிப்பு நடிகராகப் பெயர் பெற்றவர். ஜெய்சங்கர் ஒரு காலத்து நாயகர். டில்லி கணேஷோ பக்கத்து வீட்டு மாமாவைப் போன்ற தோற்றம் உடையவர். முறுக்கு மீசையும் சிவந்த கண்ணும் வைத்த வழக்கமான வில்லன்களுக்கு மாறாக, பழகிய முகங்களையே கொடுமைக்காரர்களாக நிறுத்தியிருந்தார்கள். நேர்மையான காவல் அதிகாரி ஒருவரைக் கொன்று, அவருடைய கர்ப்பிணி மனைவிக்கு நஞ்சு புகட்டும் கூட்டத்தில் அந்த அப்பாவி முகத்தைப் பார்க்கும்போது ஏற்படும் அதிர்ச்சி வேறு. தீமை செய்பவர் தீயவராகத் தோற்றமளிக்க வேண்டியதில்லை என்பது வாழ்க்கை கற்றுத்தரும் பாடம். அதைத் திரையில் கொண்டுவர, நல்லவராகப் பலமுறை நடித்த ஒரு துணை நடிகர் தேவைப்பட்டார்.

சிரிக்காமல் சிரிக்க வைத்தவர்: 'மைக்கேல் மதன காமராஜன்'

அடுத்த ஆண்டிலேயே, 1990-இல், அதே இயக்குநரும் அதே கமல்ஹாசனும் இணைந்த 'மைக்கேல் மதன காமராஜன்' வந்தது. கிரேசி மோகன் வசனம் எழுதிய முழுநீள நகைச்சுவைப் படம். கமல் ஏற்ற நான்கு வேடங்களில் ஒன்று சமையற்காரர் காமேஸ்வரன். அவரை வளர்த்த பாலக்காட்டு மணி ஐயராக டில்லி கணேஷ் நடித்தார். மலையாள வாடை வீசும் பாலக்காட்டுத் தமிழில் இருவரும் பேசிக்கொள்ளும் காட்சிகளை இன்றும் மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள் உண்டு.

கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழுந்துவிடும் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். பார்ப்பவர்கள் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். மணி ஐயருக்கோ அது சிரிப்பே அன்று. சைவச் சமையலையே குலத்தொழிலாகக் கொண்ட மனிதருக்கு மானம் போகிற நேரம் அது. டில்லி கணேஷ் அந்தப் பதைப்பைத் துளியும் குறைக்காமல் நடித்தார். தாம் நகைச்சுவைப் படத்தில் இருப்பது தெரியாதவரைப் போல நடிப்பதே இவ்வகைப் படங்களில் துணை நடிகரின் முதல் கடமை. அவர் ஒரு முறை கண்சிமிட்டிச் சிரித்துவிட்டால் ரசிகர் சிரிப்பது நின்றுவிடும்.

'தெனாலி' (2000) படத்திலும் இதே நுட்பத்தைக் காணலாம். சக மருத்துவரின் புகழைப் பொறுக்க முடியாத மனநல மருத்துவர் பஞ்சபூதமாக வந்தார். பொறாமை உண்மையானது, அதனால் விளையும் காரியங்கள்தான் வேடிக்கையானவை.

1997-இல் சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய 'ஆஹா' படத்தில் மீண்டும் சமையற்காரர் வேடம். ஆனால் அது குடும்பக் கதை. பெரிய வீட்டுப் பையன் தம் மகளை விரும்பும்போது ஓர் ஏழைத் தந்தைக்கு ஏற்படும் கூச்சமும் தன்மானமும் அதில் வேண்டியிருந்தன. தொழில் ஒன்று, கரண்டி ஒன்று, மனிதர்கள் வேறு. மணி ஐயரின் சாயல் இந்தப் பாத்திரத்தில் விழாமல் பார்த்துக்கொண்டதில்தான் அவருடைய திறமை இருக்கிறது.

மாறியது எது?

இத்தனை வகைப் படங்களிலும் அவருடைய முகம் பெரிதாக மாறவில்லை. கனத்த ஒப்பனையோ, உடம்பை ஏற்றி இறக்கும் வித்தையோ அவர் வழி அன்று. அப்படியானால் மாறியது எது?

முதலாவது, பேச்சு. சென்னைக் குடிசைத் தமிழ், பாலக்காட்டுத் தமிழ், படித்த மருத்துவரின் தமிழ் என்று ஒவ்வொரு பாத்திரமும் தனக்கென ஒரு வழக்கோடு வந்தது. அக்காலத்தில் தமிழ்ப் படங்களின் வசனம் படப்பிடிப்புக்குப் பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் மீண்டும் பேசிச் சேர்க்கப்பட்டது. ஒரு நடிகர் ஒரே பாத்திரத்தை இரண்டு முறை நடிக்க வேண்டும்: ஒரு முறை உடம்பால், மறுமுறை குரலால். மேடையில் குரலைப் பழக்கி, பிற நடிகர்களுக்கும் பின்னணிக் குரல் கொடுத்தவர் என்பதால் அவருக்கு இது கைவந்த கலையாக இருந்தது.

இரண்டாவது, வேகம். நகைச்சுவையில் அவருடைய வசனம் மற்றவர் பேசி முடிப்பதற்குள் முந்திக்கொண்டு வரும். சோகத்தில் ஒரு நொடி பிந்தி வரும். அந்த ஒரு நொடியில்தான் பாத்திரத்தின் வேதனை தெரியும்.

மூன்றாவது, கேட்பது. நடிப்பு என்றால் பேசுவது என்றே பலரும் எண்ணுகிறார்கள். துணை நடிகருக்குக் காட்சியில் பாதி நேரம் வசனமே இருக்காது. கதாநாயகன் பேசும்போது அதை முதன்முறையாகக் கேட்பவரைப் போல நிற்பதே அவருடைய நடிப்பு.

இவருடைய எல்லாப் படங்களும் இத்தகைய வாய்ப்பைத் தந்தன என்று சொல்வதற்கில்லை. நானூறு படங்களில் பெரும்பாலானவற்றில் பெண்ணின் தந்தை, அலுவலக மேலாளர் என்று இரண்டு மூன்று காட்சிகளோடு முடிந்துபோன வேடங்களே. துணை நடிகரின் வாழ்க்கை அப்படித்தான். எது நினைவில் நிற்கும் என்பது முன்கூட்டித் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே அக்கறையோடு செய்தாக வேண்டும். 2024-இல் வெளிவந்த 'இந்தியன் 2' வரை அவர் திரையில் தோன்றிக்கொண்டே இருந்தார். அவருடைய இறுதிச் சடங்கில், அரை நூற்றாண்டுக்கு முன் விட்டுவந்த விமானப் படையின் வீரர்கள் வந்து மரியாதை செலுத்தினார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

மலேசியக் கலைஞர்களுக்கு என்ன பாடம்?

மலேசியாவிலிருந்து தமிழகம் சென்று 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாயகனான ரவிச்சந்திரனை இங்குள்ளோர் பெருமையுடன் நினைவுகூர்வது வழக்கம். அவரே 'ஊமை விழிகள்' (1986) படத்தில் வில்லனாக வந்து புதிய தலைமுறை ரசிகர்களைப் பெற்றார் என்பதை நினைப்பவர்கள் குறைவு. நாயகன் என்ற பட்டம் சில ஆண்டுகளுக்கானது. குணச்சித்திர நடிகனுக்கு வயது ஏற ஏற வேலை கூடும்.

உள்நாட்டுத் தமிழ்ப் படங்களின் அனுபவமும் இதையே சொல்கிறது. தீபக் குமாரன் மேனன் இயக்கிய 'சலங்கை' (2007) பிரிக்பீல்ட்சில் பூக்கட்டி விற்கும் குடும்பம் ஒன்றின் கதை. அங்கே தனி நாயகன் என்று எவரும் இல்லை. தாய், மகள், மகன் எல்லோருமே குணச்சித்திரங்கள்தாம். 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட, சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' (2015) படத்திலும் அப்போய் என்ற சிறுவனைச் சுற்றி நிற்கும் ஆண்களே கதையைத் தாங்குகிறார்கள். கண்டிப்பான தந்தை, குண்டர் கும்பலில் சிக்கியவர், போதையிலிருந்து மீளப் போராடுபவர் என்று மூவரும் நம்பும்படி இருந்ததால்தான் சிறுவனின் தடுமாற்றம் பார்ப்பவர் நெஞ்சைத் தொட்டது.

இங்கே ஆண்டுதோறும் தொலைக்காட்சி நாடகங்களும் படங்களும் எடுக்கப்படுகின்றன. நடிக்க வரும் இளைஞர்கள் பலருக்கும் நாயக வேடத்தின்மேல்தான் கண். அப்பா, மாமா, கடைக்காரர், லோரி ஓட்டுநர் ஆகிய வேடங்கள் கடைசி நேரத்தில் யாரையாவது பிடித்து நிரப்பப்படும்போது, எவ்வளவு நல்ல கதையும் நொண்டிவிடுகிறது. கிள்ளான் தமிழுக்கும் தோட்டத் தமிழுக்கும் உள்ள வேறுபாடு காதில் விழாத நடிகரால் இந்த மண்ணின் மனிதரைக் காட்ட முடியாது. வெளிநாட்டு நடிகர் எவரும் வந்து செய்துதர முடியாத வேலை அது. மேடை நாடகமும் வானொலி நாடகமும் வளர்த்த குரல் வளம் மலேசியத் தமிழரிடம் உண்டு. அதற்குரிய மதிப்பும் முறையான பயிற்சியும் கிடைத்தால் இங்கும் நல்ல குணச்சித்திர நடிகர்கள் உருவாவார்கள்.

ரசிகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பழைய படமொன்று தொலைக்காட்சியில் வரும்போது, தெரிந்த கதைதானே என்று எழுந்து போகாமல், ஒரு காட்சியில் மட்டுமாவது பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தைக் கவனிக்கலாம். படம் முடிந்தபின் ஓடும் பெயர்ப் பட்டியலையும் நின்று படிக்கலாம். அப்பாவாக வந்தவர் யார் என்று பிள்ளைகள் கேட்டால், "எல்லாப் படத்திலும் வருவாரே" என்று சொல்லி நிறுத்தாமல், அவருடைய பெயரைச் சொல்லலாம்.